தொலைவிலிருந்து இயக்கும் கணினியில் அம்புக்குறி விலகுவது ஏன்? கண்டறியும் முறையும் தீர்வுகளும்

புதுதில்லி:

விண்டோஸ் கணினியில் 'ஷட் டவுன்', 'ரீஸ்டார்ட்' ஆகிய இரு கட்டளைகளும் ஒரே பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. மேசை மீதுள்ள கணினியில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை அழுத்திவிட்டால் இழப்பு சில நிமிடங்களே. ஆனால், பல நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள சர்வரை இயக்கிக்கொண்டிருப்பவர் 'ரீஸ்டார்ட்' கட்டளைக்குப் பதிலாக 'ஷட் டவுன்' கட்டளையை அழுத்திவிட்டால், இணைப்பு அத்துடன் துண்டிக்கப்படும். தொலைவிலிருந்தே மின்னிணைப்பு வழங்கும் வசதி இல்லாத இடங்களில், ஒருவர் நேரில் சென்று பொத்தானை அழுத்தும் வரை அந்த சர்வரை நம்பியுள்ள பணிகள் அனைத்தும் முடங்கும்.

இத்தகைய தவறு எப்போதும் கவனக்குறைவால் நேர்வதில்லை. பயனாளர் சரியான இடத்தில்தான் மவுஸை அழுத்துகிறார். ஆனால், தொலைவில் உள்ள கணினி அதனை வேறோர் இடமாகப் புரிந்துகொள்கிறது. மவுஸின் அம்புக்குறி ஓரிடத்தில் தெரிய, அழுத்தம் சற்றுத் தள்ளி மற்றோர் இடத்தில் பதிவாகும் இக்கோளாறு, தொலைநிலைக் கட்டுப்பாட்டு மென்பொருள்களைப் பயன்படுத்துவோர் பலரும் எதிர்கொள்ளும் ஒன்றாகும்.

கடந்த 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி நாடு தழுவிய பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, அலுவலகக் கணினியை வீட்டு மடிக்கணினியிலிருந்து இயக்குவது பரவலானது. அதுவரை பெரும்பாலும் தொழில்நுட்பப் பிரிவினர் மட்டுமே கையாண்டுவந்த இம்முறை, கணக்காளர்கள், ஆசிரியர்கள் எனப் பலருக்கும் அன்றாட வேலையின் பகுதியானது. கோளாறும் அவர்களுடன் சேர்ந்தே வந்தது.

அம்புக்குறி விலகும்போது பலரும் கண்ணில்படும் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கின்றனர். அது தேவையற்றது. அம்புக்குறி எவ்வாறு விலகுகிறது என்பதை இரண்டு நிமிடம் கவனித்தால், காரணம் எது என்பதை அந்த விலகலே காட்டிக்கொடுத்துவிடும்.

இரு கணினிகள், இரு அளவுகோல்கள்

தொலைநிலைக் கட்டுப்பாட்டில், தொலைக் கணினியின் திரைக்காட்சி படமாகப் பயனாளரின் கணினிக்கு வந்துசேர்கிறது. பயனாளரின் மவுஸ் அசைவும் அழுத்தமும் எண்களாக எதிர்த்திசையில் செல்கின்றன. அழுத்தம் படத்தின் மீது நிகழ்கிறது. விளைவு தொலைக் கணினியில் நிகழ்கிறது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஆய்வகம் ஒன்றில் உருவான விஎன்சி மென்பொருளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அதன் தகவல் பரிமாற்ற நெறிமுறை 2011-ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 6143 என்ற பொது ஆவணமாக வெளியிடப்பட்டது. அதன்படி, ஒவ்வொரு மவுஸ் நிகழ்வும் 6 பைட்டுகள் கொண்ட சிறு செய்தியாக அனுப்பப்படுகிறது. முதல் பைட் அது எவ்வகைச் செய்தி என்பதையும், இரண்டாவது பைட் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டுள்ளது என்பதையும் தெரிவிக்கும். எஞ்சிய நான்கு பைட்டுகளில் இரண்டு கிடைமட்ட இடத்தையும், இரண்டு செங்குத்து இடத்தையும் குறிக்கும்.

பள்ளிக் கணிதப் பாடத்தில் வரும் ஆயத்தொலைவுகளைப் போன்றவையே இந்த எண்கள். திரையின் இடது மேல் மூலை ஆதிப்புள்ளி. அங்கிருந்து வலப்புறமாக எத்தனை பிக்சல், கீழ்நோக்கி எத்தனை பிக்சல் என்பதே செய்தி. இரு கணினிகளும் 'ஒரு பிக்சல்' என்பதை ஒரே அளவாகக் கொள்ள வேண்டும். ஆதிப்புள்ளி எது என்பதிலும் ஒத்துப்போக வேண்டும். அனுப்பப்படுவது இடமா, அசைவா என்பதிலும் உடன்பட வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அம்புக்குறி விலகும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

தொலைக் கணினியில் 'பெயிண்ட்' போன்ற ஓவிய மென்பொருள் ஒன்றைத் திறந்து, அதன் சாளரத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். வெற்றுப் பக்கத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஒவ்வொரு புள்ளி வைக்க வேண்டும். வெற்றுப் பக்கத்தில் விழும் தவறான அழுத்தத்தால் எந்தத் தீங்கும் நேராது என்பதால் இது பாதுகாப்பான சோதனையாகும். அழுத்த நினைத்த இடத்துக்கும் புள்ளி விழுந்த இடத்துக்கும் உள்ள இடைவெளியைக் கவனித்தால், மூன்று வகைகளில் ஒன்று புலப்படும்.

முதல் வகையில், இடது மேல் மூலைக்கு அருகே விலகல் மிகக் குறைவாக இருக்கும். வலப்புறமும் கீழ்ப்புறமும் செல்லச் செல்ல விலகல் வளரும். இது அளவு விகிதக் கோளாறு.

இரண்டாவது வகையில், ஐந்து இடங்களிலும் விலகல் ஒரே திசையில், ஒரே அளவில் இருக்கும். இது ஆதிப்புள்ளிக் கோளாறு.

மூன்றாவது வகையில், ஒரே இடத்தில் மீண்டும் சோதித்தாலும் விலகல் மாறிக்கொண்டே இருக்கும். மவுஸை வேகமாக நகர்த்தினால் ஒருவிதமாகவும், மெதுவாக நகர்த்தினால் வேறுவிதமாகவும் விலகும். இது அசைவையும் இடத்தையும் குழப்பிக்கொள்வதால் ஏற்படும் கோளாறு.

இம்மூன்றிலும் சேராத ஒன்றும் உண்டு. மவுஸை நிறுத்திய ஓரிரு வினாடிகளில் அம்புக்குறி தானாகவே சரியான இடத்துக்கு வந்துசேர்ந்தால், அது விலகல் அன்று. இணைய வேகக் குறைவால் ஏற்படும் தாமதம் மட்டுமே. அதற்கு மவுஸ் அமைப்புகளை மாற்றுவதால் பயனில்லை. படத்தின் தரத்தையும் வண்ணங்களின் எண்ணிக்கையையும் குறைப்பது பலன் தரும்.

விலகல் வளர்ந்துகொண்டே சென்றால்

எழுத்துகள் சிறிதாகத் தெரிவதைத் தவிர்க்க, மடிக்கணினிகளில் திரைக்காட்சி 125 அல்லது 150 சதவீதமாகப் பெரிதாக்கப்படுவது வழக்கம். விண்டோஸ் இயங்குதளத்தில் 'ஸ்கேல்' என்ற பெயரில் இவ்வசதி உள்ளது. இந்த உருப்பெருக்கத்தை உணர்ந்து செயல்படுமாறு எழுதப்படாத பழைய மென்பொருள்களுக்கு, உண்மையான திரை அளவுக்குப் பதிலாகச் சுருக்கப்பட்ட அளவு ஒன்றை விண்டோஸ் தெரிவிக்கிறது.

எடுத்துக்காட்டாக, 1920 பிக்சல் அகலமும் 1080 பிக்சல் உயரமும் கொண்ட திரையில் உருப்பெருக்கம் 125 சதவீதம் எனில், பழைய மென்பொருளுக்கு அது 1536-க்கு 864 பிக்சல் கொண்ட திரையாகவே தெரியும். அம்மென்பொருள் திரையின் நடுப்புள்ளியை 768, 432 எனக் கணக்கிட்டு அனுப்பினால், மறுமுனையில் முழு அளவைக் கணக்கில்கொள்ளும் பகுதி அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளும். உண்மையான நடுப்புள்ளியோ 960, 540 ஆகும். எனவே, அழுத்தம் 192 பிக்சல் இடப்புறமாகவும் 108 பிக்சல் மேலாகவும் பதிவாகும். திரையின் வலது ஓரத்தில் இந்தப் பிழை 384 பிக்சலாக இரட்டிக்கும். இடது மேல் மூலையில் மட்டும் பிழையே இராது.

பிழையின் விகிதத்தைக் கொண்டே உருப்பெருக்க அளவை அறியலாம். 1000 பிக்சல் தொலைவில் விழ வேண்டிய புள்ளி 800-இல் விழுந்தால் 125 சதவீத உருப்பெருக்கம் காரணம். ஏறத்தாழ 667-இல் விழுந்தால் 150 சதவீதம். சரியாகப் பாதித் தொலைவில், அதாவது 500-இல் விழுந்தால் 200 சதவீதம். ஆப்பிள் நிறுவனத்தின் ரெட்டினா திரைகளில் ஒரு நீள அலகு இரண்டு பிக்சல்களாகக் கணக்கிடப்படுவதால், இந்தப் பாதித் தொலைவுப் பிழை மேக் கணினிகளிலும் தோன்றக்கூடும்.

இதனைச் சரிசெய்ய, முதலில் தொலைக் கணினியின் காட்சி சாளரத்துக்கு ஏற்பச் சுருக்கப்படாமல், அதன் இயல்பான 100 சதவீத அளவில் தெரியுமாறு அமைக்க வேண்டும். இணைய உலாவி வழியே இணைந்திருந்தால், கன்ட்ரோல் விசையுடன் பூஜ்ஜியத்தை அழுத்தி உலாவியின் பெரிதாக்கத்தை இயல்பு நிலைக்குக் கொண்டுவரலாம். இதனால் கோளாறு நீங்கினால், காட்சியைச் சுருக்கும் பகுதியிலேயே பிழை உள்ளது என்பது உறுதியாகும்.

நீங்காவிட்டால், பயனாளரின் கணினியில் உள்ள தொலைநிலை மென்பொருளின் குறும்படத்தின் மீது வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' பகுதிக்குச் சென்று, 'கம்பாட்டிபிலிட்டி' பக்கத்தில் உயர் டிபிஐ தொடர்பான அமைப்பைத் திறக்க வேண்டும். அங்கு இயல்பான உருப்பெருக்க முறையை மாற்றும் தேர்வைக் குறியிட்டு, 'அப்ளிகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதனால் விண்டோஸ் அம்மென்பொருளுக்குச் சுருக்கப்பட்ட அளவைத் தெரிவிப்பது நின்றுவிடும். எழுத்துகள் சற்றுச் சிறிதாகத் தெரியக்கூடும். ஆனால், அம்புக்குறி உரிய இடத்தில் நிற்கும்.

மற்றொரு வழி, தொலைக் கணினியின் உருப்பெருக்கத்தை 100 சதவீதமாக மாற்றிப் பார்ப்பது. மாற்றிய பின்னர், கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழைவது அவசியம். பழைய மென்பொருள்கள் பல, உள்நுழையும் வேளையில் இருந்த அளவையே தொடர்ந்து பயன்படுத்தும் என்பதே இதற்குக் காரணம்.

விலகல் எங்கும் ஒரே அளவில் இருந்தால்

ஒரே கணினியில் இரண்டு திரைகளை இணைத்திருப்போருக்கு இக்கோளாறு அதிகம் ஏற்பட வாய்ப்புள்ளது. விண்டோஸில் முதன்மைத் திரையின் இடது மேல் மூலையே ஆதிப்புள்ளி. இரண்டாவது திரை அதன் இடப்புறத்தில் வைக்கப்பட்டிருந்தால், அத்திரையின் புள்ளிகள் அனைத்தும் எதிர்ம எண்களைப் பெறும். 1920 பிக்சல் அகலமுள்ள திரை எனில், அதன் இடது ஓரம் கழித்தல் 1920 ஆகும். தொலைநிலை மென்பொருள் இடது ஓரத்தைப் பூஜ்ஜியமாகக் கணக்கிட்டால், ஒரு திரையில் அழுத்தியது மற்றொரு திரையில் பதிவாகும்.

தொலைநிலை மென்பொருளில் எந்தத் திரையைக் காண்பது என்ற தேர்வு இருந்தால், அனைத்துத் திரைகளையும் ஒருசேரக் காண்பதற்குப் பதிலாக ஒரு திரையை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் பயன் தராவிட்டால், தொலைக் கணினியின் காட்சி அமைப்பில் இடப்புறக் கடைசித் திரையை முதன்மைத் திரையாக மாற்றலாம். மடிக்கணினித் திரை 150 சதவீதம், வெளித்திரை 100 சதவீதம் என வெவ்வேறு உருப்பெருக்கம் வைத்திருப்போருக்கு ஒரு திரையில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் அம்புக்குறி இயங்கக்கூடும். இரண்டையும் ஒரே விகிதத்துக்குக் கொண்டுவந்து சோதிப்பது நல்லது.

சர்வர் அறைகளில், கணினியின் திரை இணைப்பையும் மவுஸ் இணைப்பையும் வலைப்பின்னல் வழியே கொண்டுசெல்லும் தனிக் கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன. பழைய விஜிஏ கம்பி வழியே காட்சி பெறப்படும்போது, படம் சில பிக்சல் ஒருபுறமாக நகர்ந்து தெரிவதுண்டு. அந்நிலையில் தவறு மவுஸில் இல்லை, படத்தில் உள்ளது. கருவியில் உள்ள தானியங்கிக் காட்சிச் சீரமைப்பை இயக்கினால் படம் தன் இடத்துக்குத் திரும்பும்.

விலகல் மாறிக்கொண்டே இருந்தால்

இதனைப் புரிந்துகொள்ள மவுஸின் தோற்றத்தை நினைவுகூர வேண்டும். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட், பில் இங்கிலிஷ் ஆகியோர் உருவாக்கிய முதல் மவுஸில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சக்கரங்கள் இருந்தன. அவை எவ்வளவு உருண்டன என்பதே கணினிக்குத் தெரிவிக்கப்பட்டது. சக்கரங்கள் மறைந்து ஒளிக்கற்றை வந்த பின்னரும் அடிப்படை மாறவில்லை. தான் திரையில் எங்கே இருக்கிறோம் என்பது மவுஸுக்குத் தெரியாது. எவ்வளவு நகர்ந்தோம் என்பது மட்டுமே தெரியும்.

அசைவை இடமாக மாற்றுவது இயங்குதளத்தின் பணி. அதில் முடுக்கம் என்ற ஒன்று சேர்க்கப்படுகிறது. மவுஸை வேகமாக இழுத்தால், அம்புக்குறி கூடுதல் தொலைவு செல்லும். தொலைநிலை மென்பொருள் 'பத்து அலகு நகர்' என அசைவாக அனுப்பும்போது, தொலைக் கணினி தன் முடுக்கத்தைச் சேர்த்து இருபது அலகு நகர்த்திவிடுகிறது. ஒவ்வோர் அசைவிலும் சேரும் இச்சிறு பிழை குறைவதில்லை, கூடிக்கொண்டே செல்கிறது. திரையில் ஒன்றையொன்று துரத்தும் இரு அம்புக்குறிகள் தோன்றுவது இதனால்தான்.

மெய்நிகர்க் கணினிகளில் இது தெளிவாகத் தென்படும். கியூஇஎம்யூ மென்பொருளில் இயங்கும் மெய்நிகர்க் கணினிக்குத் தனியாக எதுவும் குறிப்பிடாவிட்டால், அசைவை மட்டுமே அறிந்த பழைய பிஎஸ்/2 வகை மவுஸ் அமையும். அதனை விஎன்சி வழியே இயக்கினால், ஒருபுறம் இடமும் மறுபுறம் அசைவுமாக இரண்டும் பொருந்தாமல் போகும். இதற்கான தீர்வு எளிது. மவுஸுக்குப் பதிலாக, வரைபலகை போல இடத்தை நேரடியாகத் தெரிவிக்கும் 'யூஎஸ்பி டேப்லெட்' என்ற கற்பனைக் கருவியை அந்த மெய்நிகர்க் கணினியில் சேர்க்க வேண்டும். உண்மையான டேப்லெட் எதையும் வாங்க வேண்டியதில்லை.

விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில், 'சிஸ்டம்' அமைப்பில் உள்ள 'பாயிண்டிங் டிவைஸ்' பட்டியலில் இந்த யூஎஸ்பி டேப்லெட் இடம்பெற்றுள்ளது. விர்ட்-மேனேஜர் பயன்படுத்துவோர், புதிய வன்பொருள் சேர்க்கும் பகுதியில் 'ஈவிடச் யூஎஸ்பி கிராபிக்ஸ் டேப்லெட்' என்பதைச் சேர்க்கலாம். பிராக்ஸ்மாக்ஸ் தளத்தில் 'யூஸ் டேப்லெட் ஃபார் பாயிண்டர்' என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். எனினும், ஒரே சர்வரில் பல மெய்நிகர்க் கணினிகளை இயக்குவோர் செயலியின் சுமையைச் சற்றுக் குறைக்க இதனை நிறுத்திவைப்பதுண்டு. நன்றாக இயங்கிய அம்புக்குறி திடீரென விலகத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இந்த அமைப்பையே.

சர்வர்களுடன் வரும் தொலைநிலை மேலாண்மை வசதிகளிலும் மவுஸ் முறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெரும்பாலும் இருக்கும். அதில் 'அப்சல்யூட்' என்பது இடத்தையும், 'ரிலேட்டிவ்' என்பது அசைவையும் குறிக்கும். தொலைக் கணினியின் இயங்குதளம் ஏற்குமாயின் 'அப்சல்யூட்' முறையே சிறந்தது.

அம்முறை இயலாத பழைய கணினிகளில், தொலைக் கணினியின் முடுக்கத்தை நீக்க வேண்டும். விண்டோஸின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் மவுஸ் பகுதியில் உள்ள 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்ற குறியை அகற்றி, வேக அளவை நடுவில் உள்ள ஆறாவது நிலையில் வைக்க வேண்டும். லினக்ஸ் கணினிகளில் மவுஸ் முடுக்கத்தை நிறுத்தவோ, அதன் முறையை 'ஃபிளாட்' என மாற்றவோ வேண்டும். விண்டோஸில் இந்த அமைப்பு அந்தந்தப் பயனாளர் கணக்குக்கு உரியது என்பதால், உள்நுழைவுத் திரையில் அம்புக்குறி மீண்டும் விலகக்கூடும். அங்கு விசைப்பலகையால் கடவுச்சொல்லை உள்ளிட்டு உள்நுழைந்துவிட்டால், கோளாறு நீங்கிவிடும்.

சரியாகும் வரை விசைப்பலகை

அம்புக்குறியை நம்ப இயலாத நிலையில், நீக்குதல், பணம் அனுப்புதல், கணினியை நிறுத்துதல் போன்ற திரும்பப்பெற இயலாத செயல்களுக்கு மவுஸைப் பயன்படுத்தாதிருப்பதே பாதுகாப்பு. 'டேப்' விசை அடுத்த பொத்தானுக்கும், 'ஷிஃப்ட்' விசையுடன் சேர்த்து அழுத்தினால் முந்தைய பொத்தானுக்கும் அழைத்துச்செல்லும். எந்தப் பொத்தான் தேர்வாகியுள்ளது என்பதை அதனைச் சுற்றித் தோன்றும் கட்டம் காட்டும். அதனை உறுதிசெய்த பின்னரே 'என்டர்' விசையை அழுத்த வேண்டும். ஐயம் ஏற்பட்டால் 'எஸ்கேப்' விசை பெரும்பாலான உரையாடல் பெட்டிகளிலிருந்து தீங்கின்றி வெளியேற உதவும்.

இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், எண் விசைகளால் அம்புக்குறியை நகர்த்தும் வசதியும் விண்டோஸில் உள்ளது. மாற்றுத்திறனாளிகளுக்காக அமைக்கப்பட்ட இவ்வசதி, இத்தகைய நெருக்கடியிலும் கைகொடுக்கும்.

உதவி கேட்பதிலும் எச்சரிக்கை தேவை

இக்கோளாற்றைச் சரிசெய்ய இணையத்தில் தேடி, அங்கு கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்ணை அழைப்பது ஆபத்தானது. உதவுவதாகக் கூறி, மற்றொரு தொலைநிலைச் செயலியை நிறுவச் செய்து, அதன் வழியே வங்கிக் கணக்கைக் கைப்பற்றுவது மோசடியாளர்கள் கையாளும் வழிகளில் ஒன்றாகும். தொலைநிலைச் செயலி வழியே பணம் பறிக்கப்படுவது குறித்து ரிசர்வ் வங்கி 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலேயே வங்கிகளை எச்சரித்தது. பணத்தை இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.

மேற்கூறிய தீர்வுகள் எதற்கும் புதிய செயலியோ, கட்டணமோ, அறிமுகமில்லாத ஒருவரின் உதவியோ தேவையில்லை. தேவையான அமைப்புகள் அனைத்தும் பயன்பாட்டில் உள்ள இரு கணினிகளிலும் மென்பொருள்களிலுமே உள்ளன. அலுவலகக் கணினிகளில் மாற்றம் செய்யும் அதிகாரம் இல்லாதோர், ஐந்து புள்ளிச் சோதனையின் முடிவைத் தங்கள் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவிடம் தெரிவிக்கலாம். 'மவுஸ் சரியில்லை' என்பதைவிட, 'வலப்புறம் செல்லச் செல்ல விலகல் கூடுகிறது' என்ற ஒரு வரி அவர்களின் பணியைப் பெரிதும் எளிதாக்கும்.